கூறைப்புடவையின் சிவப்பு தெரிகிற திரை: அசுஸ் புரோஆர்ட் பி16

போட்டோ எடிட்டிங்குக்கு நல்ல லேப்டாப் வேண்டும் என்று எந்தக் கடைக்குப் போய்க் கேட்டாலும் முதலில் புராசஸர் பெயரைச் சொல்வார்கள், அடுத்து கிராபிக்ஸ் கார்டு நம்பரைச் சொல்வார்கள். திரை எப்படி என்று கேட்டால் "16 இஞ்ச்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பத்தாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செலவழிக்கத் தயாராக நிற்கிறவருக்கு இந்த வரிசை உதவாது. படம் திருத்துகிறவர்கள் திரையில்தான் தொடங்க வேண்டும். அடுத்தது வேலை நினைவகமான ரேம், அப்புறம் படங்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, அதற்குப் பிறகு கிராபிக்ஸ். புராசஸரைக் கடைசியில் பார்த்தால் போதும். இந்த விலையில் இன்று வருகிற எந்தப் புராசஸரும் நம் வேலைக்குக் குறைந்துபோகாது.

இந்த வரிசையை வைத்துப் பார்த்துத்தான் அசுஸ் புரோஆர்ட் பி16 வாங்கினேன். 2024இல் வந்த மாடல்: ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370, ஆர்டிஎக்ஸ் 4070, 32 ஜிபி ரேம், 4கே ஓஎல்இடி திரை. ஒரு கல்யாண சீசன் முழுக்க அதில் வேலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா என்று படம் எடுப்பதும் ஆல்பம் போட்டுக் கொடுப்பதும்தான் தொழில். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் கல்யாணம் என்றால் அப்பா அம்மா இருக்கிற ஊருக்குத்தான் வருகிறார்கள். பிள்ளைகள் படத்தைக் கைபேசியில் பார்ப்பார்கள். பெற்றோர் பெரிசாக அச்சடித்துச் சுவரில் மாட்டுவார்கள். இரண்டு இடத்திலும் பெண்ணின் முகம் பெண்ணின் முகமாகவே இருக்க வேண்டும். அதனால்தான் திரையில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

விலை குறைந்த பல லேப்டாப்களின் விவரத்தாளில் "45 சதவீத என்டிஎஸ்சி" என்று ஒரு வரி இருக்கும். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு அது. நாலாயிரம், ஐயாயிரம் வெள்ளிக்கு விற்கும் கேமிங் லேப்டாப்களில்கூட இது உண்டு. 72 சதவீத என்டிஎஸ்சி இருந்தால் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பு ஏறக்குறைய முழுசாகத் தெரியும் என்று கணக்கு. அப்படியானால் 45 சதவீதத் திரை எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. கைபேசிக்கும் இணையத்துக்கும் குறைந்தபட்ச அளவே எஸ்ஆர்ஜிபிதான். அதுவே முழுசாகத் தெரியாத திரையில் நிறத்தைத் திருத்துவது எப்படி? பி16 திரை எஸ்ஆர்ஜிபியைத் தாண்டி, அதைவிட அகலமான டிசிஐ-பி3 நிற வரம்பு முழுவதையும் காட்டுகிறது. 3840க்கு 2400 பிக்ஸல், நிறத் துல்லியத்துக்கான பான்டோன் சான்றும் உண்டு.

எண்ணை நம்புவதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. ஈப்போவில் ஒரு கடையில் இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, பென்டிரைவில் கொண்டுபோன ஒரே படத்தை இரண்டிலும் திறந்தேன். தாலி கட்டி முடித்த கையோடு எடுத்த படம். அரக்குக் கூறைப்புடவை, கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் குங்குமம், பக்கத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி. விலை குறைந்த திரையில் மாலையும் புடவையும் ஒட்டிக்கொண்டு ஒரே சிவப்பாக நின்றன. ஜரிகை வெறும் மஞ்சள் கோடாகத் தெரிந்தது. ஓஎல்இடியில் ரோஜா இதழின் ஓரம் புடவையிலிருந்து பிரிந்து தெரிந்தது. ஜரிகையில் வெளிச்சம் பட்ட இழையும் படாத இழையும் தனித்தனியாகத் தெரிந்தன. கடையில் வேலை பார்க்கும் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல புடவை நெசவே தெரியுதே" என்றான்.

எனக்கு அதைவிட முக்கியம் கன்னம். மண்டபத்து மேடையில் ஊதா நிற எல்இடி விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஊதா பெண்ணின் இடது தாடையோரம் லேசாகப் படிந்திருந்தது. முதல் திரையில் அது இருப்பதே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததைத் திருத்த முடியாது. ஆல்பம் அச்சாகி வந்த பிறகு பெண்ணின் அம்மா கண்ணில்தான் அது முதலில் படும்.

நம்மவர்களின் மாநிறத்தையும் கருப்பு நிறத்தையும் சரியாகக் காட்டுவது எனக்கு மானப் பிரச்சினை. முகத்தை வெளுக்க வைத்துக் கொடுக்கும் வேலையை நான் செய்வதில்லை. கருத்த முகத்தில் நிழல் விழும் இடத்தில்தான் எத்தனை விதமான பழுப்பு இருக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண ஐபிஎஸ் திரையில் கருப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், ஏனென்றால் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். சாம்பலாகத் தெரிகிறதே என்று நிழலை இன்னும் அழுத்தினால், அச்சில் தலைமுடியும் புருவமும் ஒரே இருட்டாகிவிடும். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்ஸலும் தானே ஒளிர்கிறது, கருப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடுகிறது. அதனால் நிழலை எவ்வளவு தூக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பது நிதானமாகத் தெரிகிறது.

இந்தத் திரையில் கவனிக்க வேண்டிய விஷயங்களும் உண்டு. பளபளப்பான கண்ணாடித் திரை என்பதால் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் ஜன்னல்தான் தெரியும். மேசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். ரிஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கும்; கேம் ஆடுகிறவர்களுக்குக் குறை, நமக்கு ஒன்றுமில்லை. அகலமான நிறம் காட்டும் திரை என்பதால் நிற மேலாண்மை இல்லாத, அதாவது நிறத்தைத் திரைக்கேற்ப மாற்றிக் காட்டத் தெரியாத செயலியில் சாதாரணப் படத்தைத் திறந்தால் சிவப்பு எரிவதுபோல் தெரியும். பார்த்துவிட்டு நிறத்தைக் குறைக்கப் போய்விடாதீர்கள். வாட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் போகிற படங்களைச் சரிபார்க்கும்போது திரையை எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றிக்கொள்வேன். அசுஸ் செயலியிலேயே அது இருக்கிறது. படம் திருத்தும் அடோபி மென்பொருள்களான லைட்ரூமும் போட்டோஷாப்பும் நிறத்தைத் தாங்களே சரியாகக் கையாளும்.

அப்புறம் வெளிச்சம். "திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் இருட்டாக வந்துவிட்டது" என்று படம் அச்சடிக்கும் லேப்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் திரை வெளிச்சம்தான் காரணம். அச்சுக்குப் போகும் படத்தை 100 முதல் 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தில் திருத்த வேண்டும். கடையில் வாங்கிய புதிதில் பெரும்பாலான லேப்டாப்கள் அதைவிட இரண்டு மூன்று மடங்கு பிரகாசமாகத்தான் எரியும். திரையின் நிறத்தை அளக்கும் டேட்டாகலர் ஸ்பைடர் அல்லது கேலிபிரைட் கருவி ஒன்றைத் திரைமேல் தொங்கவிட்டு, டி65 வெள்ளை, காமா 2.2 என்று அளந்து, திரையின் நிறத்தைச் சரிசெய்யும் புரொஃபைல் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் பட்ஜெட்டிலேயே அந்தக் கருவிக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். பக்கத்து ஊர் போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிக்கொள்ளலாம், அதற்கேற்ற சாதனம்தான் அது.

ரேமுக்கு வருவோம். என் கேமரா சோனி ஏ7 மார்க் 4, 33 மெகாபிக்ஸல். சுருக்காத ரா ஃபைல் (கேமரா பதிந்தது பதிந்தபடி இருக்கும் ஃபைல்) ஒரு பிக்ஸலுக்கு 2 பைட் எடுக்கும், அதாவது ஒரு படம் ஏறக்குறைய 66 எம்பி. அதைப் போட்டோஷாப்பில் 16 பிட்டில் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக 2 பைட், ஒரு முழு லேயருக்கு 200 எம்பி. தோல் ஒரு லேயர், பின்னணி ஒரு லேயர், முடி ஒரு லேயர் என்று பத்து போட்டால் 2 ஜிபி. பழைய நிலைகளையும் போட்டோஷாப் நினைவில் வைத்திருக்கும். பக்கத்தில் லைட்ரூம், பிரவுசர், பாட்டு எல்லாம் ஓடும்.

கல்யாணப் படத்தைவிட ரேமைச் சாப்பிடுவது பழைய படங்கள். இந்த ஊரில் அந்த வேலை நிறைய வரும். தாத்தா பாட்டி தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படம், பூஞ்சை பிடித்து, நடுவில் மடிப்பு விழுந்து, பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு வரும். சில சமயம் அந்த மனிதரின் முகம் இருக்கும் ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும். படையலுக்கு வைக்கப் பெரிதாக்கித் தரவேண்டும் என்பார்கள். 6க்கு 8 இஞ்ச் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 7200க்கு 9600 பிக்ஸல், கிட்டத்தட்ட 69 மெகாபிக்ஸல். 16 பிட் வண்ணத்தில் ஒரு லேயருக்கே 400 எம்பிக்கு மேல் போகும். மடிப்பை எடுக்க, கறையை எடுக்க, முகத்தில் விழுந்த கீறலை மட்டும் தனியாகத் தொட என்று லேயர் கூடிக்கொண்டே போகும். 16 ஜிபி ரேமில் இதைச் செய்தால் போட்டோஷாப் எஸ்எஸ்டியை எழுதுபலகையாக எடுத்துக்கொள்ளும், தூரிகை கைக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும். கண்ணோரத்துச் சுருக்கத்துக்கும் படத்துக் கீறலுக்கும் வித்தியாசம் பார்த்துத் தொடும்போது தூரிகை தாமதமாக வந்தால் வேலை கெட்டுவிடும். 32 ஜிபியில் இந்தத் தொல்லை எனக்கு இல்லை.

இந்த லேப்டாப்பில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து வருகிறது. பிறகு கூட்ட முடியாது. "இப்போதைக்கு குறைவாக எடுத்துக்கொண்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால், ரேம் ஸ்லாட் இருக்கிற மாடலா என்று திருப்பிக் கேளுங்கள். மெல்லிய, விலை உயர்ந்த லேப்டாப்களில் பெரும்பாலும் ஸ்லாட் இருக்காது. இதே மாடல் 64 ஜிபியிலும் உண்டு. 45, 60 மெகாபிக்ஸல் கேமரா வைத்திருப்பவர்களும், பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்பவர்களும் அதைத் தேடுங்கள்.

எஸ்எஸ்டி விஷயம் சுருக்கமானது. ஒரு கல்யாணத்துக்கு 3000 படம், படத்துக்கு 66 எம்பி என்று வைத்தால் 198 ஜிபி. 1 டிபி என்றால் ஐந்து கல்யாணத்தில் நிரம்பிவிடும். சுருக்கிய ரா எடுத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதனால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியை வேலை மேசை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: லைட்ரூம் கேட்டலாக், பிரிவியூ, இப்போது கையில் இருக்கும் கல்யாணம், இவ்வளவுதான். பிசிஐஇ 4.0 என்விஎம்இ எஸ்எஸ்டி நொடிக்கு 7000 எம்பி வரை வாசிக்கும், பழைய சாட்டா எஸ்எஸ்டி 550தான். வேலை முடிந்த கல்யாணத்தை விலை குறைந்த பெரிய ஹார்ட் டிஸ்கில் இரண்டு பிரதி எடுத்துவிடுவேன். ஒன்று என் வீட்டில், மற்றொன்று கோலகங்சாரில் என் அக்கா வீட்டில். தீயோ வெள்ளமோ திருட்டோ, ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பிரதி ஒரு பிரதிதான்.

கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று முன்பெல்லாம் கேட்கலாம். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் படத்தின் புள்ளிக் கரகரப்பை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் வந்தபிறகு அந்தக் கேள்வி மாறிவிட்டது. மாரியம்மன் கோயில் தீமிதியை நினைத்துப் பாருங்கள். இருட்டி விட்டது, குழியில் கனல் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கிடக்கிறது. கரகம் தலையில், வேப்பிலை கையில், ஒருவர் இறங்கி ஓடுகிறார். ஃபிளாஷ் போட்டால் கனலின் நிறம் செத்துவிடும். பக்தியில் இருப்பவர் முகத்தில் அந்த வெளிச்சத்தை அடிப்பதும் முறையில்லை. ஷட்டரை 1/500 நொடியில் வைத்தால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 12800க்கு ஏறிவிடும். படம் முழுக்க மணல் தெளித்ததுபோல் வரும். டீநாய்ஸ் அந்த மணலை எடுத்துவிட்டு வேப்பிலையின் நரம்பை விட்டுவைக்கிறது. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் பிடிக்கும் வேலை அது. ஆர்டிஎக்ஸ் 4070இல் அரை நிமிடத்துக்குள் முடிகிறது. ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் அதிகாலையில் எடுத்த காவடிப் படங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் தயாராக இருக்கும்.

லைட்ரூம் முழு வேகத்தில் ஓட 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் வேண்டும் என்பது அடோபியின் பரிந்துரை. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060க்கும் 4070க்கும் அதே 8 ஜிபிதான். பணம் இடித்தால் 4060 எடுத்துக்கொண்டு மிச்சத்தை ரேமில் போடுங்கள், படம் திருத்துகிறவர்களுக்கு அதுதான் லாபம். வாட் அளவையும் கேளுங்கள். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடுவதும் உண்டு, 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

புராசஸர் 12 கோர், 24 திரெட். ஏற்றுமதி செய்யும்போது வேகமாக இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

டச்பேடின் மூலையில் விரலால் சுழற்றும் வட்டம் ஒன்று இருக்கிறது, டயல்பேட் என்கிறார்கள். விளம்பரத்துக்கு வைத்தது என்றுதான் நினைப்போம், எனக்குப் பழகிவிட்டது. போட்டோஷாப்பில் தூரிகையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் இடது கை அதிலேயே இருக்கிறது. எஸ்டி கார்டு ஸ்லாட் லேப்டாப்பிலேயே இருப்பது மண்டபத்தில் பெரிய உதவி. மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே காலை முகூர்த்தப் படங்களை இறக்கி, இரண்டாவது பிரதியும் எடுத்துவிடலாம். எடை 1.85 கிலோ, 16 இஞ்சுக்குக் குறைவுதான். ஆனால் 200 வாட் சார்ஜரையும் தூக்கவேண்டும். பேட்டரி 90 வாட்-அவர். படம் பொறுக்குவதற்குத் தாராளம். டீநாய்ஸ் போன்ற கனமான வேலைக்குக் கரண்டில் செருகிக்கொள்ளுங்கள், விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் சக்தியைக் குறைத்துவிடும்.

இந்த இடத்தில் ஆப்பிளின் மேக்புக் புரோவை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். எம்4 புரோ சிப் வைத்த 14 இஞ்ச் மாடல் பேட்டரியிலும் அதே வேகத்தில் ஓடுகிறது, 1.6 கிலோதான், எஸ்டி ஸ்லாட் உண்டு, தொடக்க விலையிலேயே 24 ஜிபி. அதன் மினி எல்இடி திரையும் பி3 நிறம் காட்டும். கருப்புப் பின்னணியில் சின்ன வெளிச்சம் வந்தால் அதைச் சுற்றி லேசான ஒளிவட்டம் தெரியும், அவ்வளவுதான். வெளியூர் வெளியூராக அலைந்து காரிலும் ஹோட்டலிலும் திருத்துகிறவர் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். நான் அதை எடுக்காததற்கு இரண்டு காரணம். ஆல்பம் பக்கங்களை அடுக்க 14 இஞ்ச் எனக்குப் போதாது, 16 இஞ்சுக்குப் போனால் விலை எகிறுகிறது. ஆல்பத்துக்கு நான் பயன்படுத்தும் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது.

ஓஎல்இடி வாங்குகிறவர்களுக்குத் திரையில் தடம் பதிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும், அது நியாயமான பயம். லைட்ரூமின் பக்கப் பட்டிகள் மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும். டாஸ்க்பாரை மறைத்து வைத்தேன், டார்க் மோட் போட்டேன், சில நிமிடம் தொடாவிட்டால் திரை அணைகிற மாதிரி வைத்தேன். எடிட் செய்யாத நேரத்தில் பட்டிகளை டேப் பட்டனால் மறைத்துவிடுவேன். வெளிச்சத்தை மிகவும் குறைத்தால் ஓஎல்இடி கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும், சிலருக்குத் தலைவலி வரும். மைஅசுஸ் செயலியில் மினுங்காமல் வெளிச்சம் குறைக்கும் வசதி இருக்கிறது, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் மழையையும் மறக்க முடியாது. தகரக் கூரைக்கு அடியில் மதியம் இரண்டு மணிக்கு டீநாய்ஸ் ஓடவிட்டால் எந்த மெல்லிய லேப்டாப்பும் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனமான வேலையை இரவில் வைத்துக்கொள்கிறேன், பின்புறத்தை ஒரு ஸ்டாண்டில் உயர்த்திவிடுகிறேன். மாலையில் இடி இறங்கும் ஊர் இது. மேகம் கறுத்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் படம் பொறுக்குவேன். சர்ஜ் புரொடெக்டர் வைத்திருந்தாலும் அப்படித்தான்.

வாங்கும்போது உள்நாட்டு வாரண்டி உள்ள செட்டா என்று முதலில் கேளுங்கள். இணையத்தில் ஆயிரம் வெள்ளி குறைவாகக் கிடைக்கும் சில செட்டுகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. கெட்டுப்போனால் இங்கே பார்க்கமாட்டார்கள். பெட்டியைக் கடையிலேயே திறந்து கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைக்கு ஒவ்வொரு நிறமாகக் காட்டச் சொல்லி, செத்த பிக்ஸல் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதைத் தொழில் பெயரில் எழுதச் சொல்லுங்கள். வருமான வரியில் கணினிக்கு இருக்கும் 2,500 வெள்ளி வாழ்க்கைமுறைக் கழிவு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். தொழிலுக்கு வாங்குவது வேறு கணக்கில் போகும். கடைசியில் பை, மவுஸ், கீபோர்டு கவர் எல்லாம் இலவசம் என்று அடுக்குவார்கள். அதெல்லாம் வேண்டாம், அதற்குப் பதிலாக ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் விலையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். அக்கா வீட்டில் இருப்பது அந்த டிஸ்க்தான்.